ஒண்ணரை அடி வெளியே

ஆனைகட்டியில் மூடிப்போன ரிசார்ட்டில்
சேற்றில் ஓடும் நாலுசக்கர வண்டி ஒன்றைத்
தேங்காய் அள்ள வாங்கிவிட்டாள் தெய்வாத்தாள்.
நெகமத்துக்கு வாடகை மூவாயிரம்.
போனில் நீளத்தைச் சொல்லவில்லை.

என் பிக்கப்பின் தொட்டி ஆறடி.
அது ஏழரை.
"அதெல்லாம் நிக்குமுங், ஏத்துங்."

இரண்டு பலகை, ஒரு மண்மேடு, வாட்ச்மேனின் தோள்.
பின்கதவு மூடவில்லை,
அதன் மேலேயே பின்சக்கரங்கள்.
கயிறு எட்டுச் சுற்று,
நுனியில் அவள் கிழித்துத் தந்த சிவப்புத் துணி.

இறக்கத்தில்தான் தெரிந்தது
ஸ்டீரிங் வெண்ணெயாகிவிட்டது.
முன்சக்கரம் ரோட்டில் ஓடுகிறதா
ஓடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறதா?
வேகத்தடை வரும்போதெல்லாம்
மூஞ்சியைத் தூக்கி வானம் பார்த்தது வண்டி.

தடாகத்தில் செங்கல் சூளை ஓரம் நிறுத்தினேன்.
"எஞ்சின் எந்தப் பக்கமுங்க?"
"பொறத்தாலைங்."
அட.

இறக்கி, திருப்பி,
முதுகு முன்னால் போகும்படி ஏற்றினோம்.
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் தள்ளினாள்.
வெளியே நிற்பது அதே ஒண்ணரை அடிதான்.
பாரம் மட்டும் என் சீட்டுக்குப் பின்னால் வந்து
சாய்ந்து உட்கார்ந்தது.
ஸ்டீரிங் சொன்ன பேச்சு கேட்டது.

கிணத்துக்கடவுக்கு முன்னாலேயே இருட்டு.
பின்னால் வந்த பொள்ளாச்சி பஸ்
தன் வெளிச்சத்தில் மின்னிய இரண்டு கண்ணைப் பார்த்து
எதிரே வண்டி வருகிறதென்று
டிம் அடித்தது,
மறுபடி அடித்தது,
ஒதுங்கி நின்றே விட்டது.

கண்ணாடியில் பார்த்துத் தெய்வாத்தாள் சிரித்தாள்:
"இன்னும் சாவியே போடலைங்,
அதுக்குள்ள மரியாதையப் பாருங்."