கேப்டன் திகிரிக்கு நடக்க வராது

முதல் நாளே தெரிந்துபோயிற்று.
ஒன்பது நூல் கட்டியும்
கால் தரையில் ஊன்றவில்லை.
ஒன்றைத் தூக்கினால்
மற்றதும் கூடவே கிளம்பியது,
நடவு வயலில் கொக்கு எழும்பப் பார்க்கிற மாதிரி.

பரணில் குப்புறப் படுத்திருந்த வைரக்கண்ணு
“செவ்வாயில ஈர்ப்பு கம்மிதானே,
மெதக்குறான்னு சொல்லிக்கலாம்” என்றான்.
“கப்பலுக்குள்ளயுமா மெதப்பான்?” என்றார் ஜபருல்லா.
கூத்தாநல்லூரில் எண்ணூறு வீட்டுக்கு அவர் கேபிள்.
சனிக்கிழமை ஆறரைக்குப் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் என்று
பாத்திரக்கடையில் முன்பணமும் வாங்கிவிட்டார்.

கதை என்னுடையது. கேப்டன் குரலும் என்னுடையது.
‘எழுந்து ஓடுகிறான்’ என்பதை அடித்துவிட்டு
‘நாற்காலி பின்னால் சரிகிறது,
சுவர் திறக்கிறது,
குழாய்க்குள் வழுக்கி
விமானத்தில் போய் விழுகிறான்’ என்று எழுதினேன்.
பிறகு எல்லாருக்கும் அப்படியே.
சமையல்காரனுக்கும் ஒரு வாகனம்.
வில்லன் தூசிராசாவுக்குப் பறக்கும் கட்டில்.

ராக்கெட்டின் அடிப்பாகம்
யாரோ எடைக்குப் போட்ட பம்புசெட்டின் புட்வால்வு.
நூல், முத்துப்பேட்டைத் தூண்டில் நரம்பு,
லைட்டில் மினுங்காமலிருக்க விளக்குக்கரி தடவியது.
புகைக்குச் சாம்பிராணி.
செவ்வாய் மண்ணுக்குத்தான் அலைந்தோம்,
எங்கள் பக்கம் தோண்டினால் களிதான் வரும்.
சூளையிலிருந்து இரண்டு சாக்கு செங்கல்பொடி வந்தது.
அரிசி ஆலைத் தவிட்டை மேலே தூவி
மேசை ஃபேனைத் திருப்பினால் புயல்.
ஒவ்வொரு புயலுக்கும் பாக்கியநாதனுக்குத் தும்மல்,
கேமரா ஆடும்,
அதையும் நிலநடுக்கமாக்கினேன்.

அந்த வருஷம் ஜூன் பன்னிரண்டுக்கு
மேட்டூர் திறக்கவில்லை.
நாலாம் வாரக் கதையில்
சனிக்கோள் வளையத்து மதகு இறுகிக் கிடக்க
கடைமடைக் கோளில் பயிர் காய்ந்தது.
பெரியவர்களும் உட்கார்ந்து பார்த்தார்களாம்.
முறைப்பாசனம் வைத்தால் தூசிராசா ஒத்துக்கொள்வானா என்று
டீக்கடையில் சண்டையாம்.

கடிதங்கள் வந்தன.
அத்தா குவைத்தில் இருக்கிறார்,
உங்கள் கப்பல் அந்தப் பக்கம் போகுமா?
சமையல்காரர் குளிப்பதே இல்லையா?
பொதக்குடியிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளை,
பென்சிலில்:
கேப்டன் ஏன் நடப்பதே இல்லை, போலியோவா?

சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள்
அந்த வரியிலும் நிறுத்தவில்லை.
படித்த பிறகுதான் ஆலை அமைதியானது.
பெல்ட் சக்கரத்தில் சாய்த்து வைத்திருந்த
என் காலிப்பரை யாரும் பார்க்கவில்லை,
அத்தனை பேரும் அத்தனை கவனமாகப் பார்க்கவில்லை.
சத்தியமாகச் சொல்கிறேன்,
அதுவரை எனக்கும் தோன்றியதில்லை.
நூல் ஒத்துழைக்காததால் எழுதியது,
அவ்வளவுதான் என்றிருந்தேன்.

“செங்கமலம், அதை விட்டுடும்மா” என்றார் ஜபருல்லா.

ஒன்பதாம் வாரம்.
வால்நட்சத்திரம் மோத நாலு நிமிஷம் இருக்கும்போது
புதிதாகச் சேர்ந்த சிப்பாய் கேட்கிறான்:
‘கேப்டன், உங்களுக்கு நடக்க வராதா?’
திகிரியின் தாடை ஒருமுறை திறந்து மூடியது.
‘வராது. இடது எஞ்சினைப் போடு.’
போட்டார்கள்.
வால்நட்சத்திரம் விலகிப் போயிற்று.
பாத்திரக்கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை,
அடுத்த மாதப் பணம் மட்டும் தாமதம்.

பதின்மூன்றாம் வாரத்தோடு நின்றது.
கடைசி நாள் லைட் சூட்டில்
கரி உருகி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.
கேப்டன் விடைபெற்றுக் கைதூக்கியபோது
தலைக்கு மேலே ஒன்பது வெள்ளிக் கோடுகள்,
பளிச்சென்று, எண்ணூறு வீட்டிலும்.

செட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கார்டு வந்தது,
அதே பென்சில்:
கேப்டனை மேலேயிருந்து யாரோ கட்டிப் பிடித்திருக்கிறார்கள்.
அவருக்குத் தெரியாது போல.
உடனே சொல்லிவிடவும்.

படித்துக் காட்டினேன்.
நூலைச் சுற்றிக்கொண்டிருந்த வைரக்கண்ணு
பரணில் கிடந்தபடியே திரும்பி
அண்ணாந்து பார்த்தான்.
ஓடு. ஒரு விரிசல்.
அதன் வழியே
அவன் நெற்றிவரைக்கும் இறங்கியிருந்த
ஒற்றை இழை வெயில்.

கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டு
“டீ வந்துச்சா?” என்றான்.