ஒரு சாய்வில் மட்டும்

‘இன்னும் முந்நூறு மீட்டரில்’
என்றாள், செத்தாள்.
மூன்று வருடமாக எனக்கு வழி சொன்னவள்.
ஸ்கைதி என்ற ஊர்ப்பேரை
ஒருநாளும் ஒழுங்காக உச்சரிக்காதவள்.

வெளியே மைனஸ் இருபத்தேழு.
வண்டியில் மீதம் இரண்டு சதவீதம்.
ஹீட்டரை அணைத்து, இருக்கைச் சூட்டை அணைத்து,
முன்விளக்கை மட்டும் விட்டுவைத்து
அந்த முந்நூறு மீட்டரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்,
மூச்சும் பேட்டரி தின்னும் என்பதுபோல.

சார்ஜர் கம்பம் இடுப்பளவு பனியில் நின்றது.
அட்டை செருகும் வாயில் பசைநாடா: பழுது.
சாவிக்கொத்தில் இருக்கவேண்டிய வில்லை
வீட்டில், சமையலறை இழுப்பறையில்,
ரப்பர் வளையங்களோடு.
மிச்சம் இருப்பது செயலி.
செயலி இருப்பதோ
செத்தவளுக்குள்.

கைபேசி விழித்தால் வண்டிக்கு மின்சாரம்.
வண்டி கொடுத்தால் கைபேசி விழிக்கும்.
கல்யாணமானால் பைத்தியம் தெளியும்,
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்.

நடுவில் ஒரு கேபிள்.
கழுத்தில் தோலுரிந்து செம்பு தெரிகிற கேபிள்.
ஒரே ஒரு சாய்வில் வளைத்துக்
கட்டைவிரலால் அழுத்தி
அசையாமல் பிடித்தால் குடிக்கும்.
அசைந்தால் துப்பிவிடும்.
ஆகஸ்டிலிருந்து இப்படித்தான்.
புதிது வாங்கவேண்டும் என்று
பட்டியலில் எழுதியிருக்கிறேன்.
பட்டியல் கைபேசியில்.

நான் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவள்.
இருநூற்று முப்பது தந்திகளை
மயிரிழை மயிரிழையாக முறுக்குகிற கை.
அன்று அதற்கு நடுக்கம்.
மின்னல் குறி வரும், போகும், வரும்,
போகும்.

கண்ணாடியில் தட்டினான்.
மீன் லாரிக்காரன், லித்துவேனியன்,
நெஞ்சைத் தொட்டு ‘வைடோதஸ்’ என்றான்.
நடந்ததைச் சொன்னேன், பாதி வாயால், பாதி கையால்.
லாரியைக் காட்டி ‘டீசல்’ என்றான்.
தன் கேபிளை எடுத்துவந்து வைத்துப் பார்த்தான்.
அது வேறு வாய்க்கு ஆனது.
பிறகு பக்கத்து இருக்கையில் ஏறிக்
கதவைச் சாத்தி
கையுறையைப் பல்லால் கழற்றிக்
கட்டைவிரலை வைத்தான்.

பதினான்கு நிமிடம்.
அவன் பேசவில்லை, பேசினால் விரல் அசையும்.
நானும் பேசவில்லை.
கறுத்த திரையில் எங்கள் இரண்டு முகம்,
தொட்டிலை எட்டிப் பார்ப்பவர்கள் மாதிரி.
அவன்மேல் சால்மன் வாடை.
என்மேல் என்ன வாடையோ, யார் சொல்வார்கள்.
பின்னால் லாரி உறுமிக்கொண்டே நின்றது,
பதினெட்டு டன் மீன்,
விடிவதற்குள் பின்லாந்து தாண்டவேண்டியது.

ஒன்று. இரண்டு.
மூன்றாவது சதவீதத்தில் கண் விழித்து
அது முதலில் சொன்ன சேதி:
நாளை பல்மருத்துவரிடம் போகவேண்டும்.
நான்கு எண் கேட்டது, கொடுத்தேன்.
செயலி திறந்து, ‘வணக்கம் போர்கில்ட்!’ என்றது.
பணம் கட்ட என் விரலைக் கேட்டது.
வைத்தேன்.
பொருந்தவில்லை.
மறுபடி வைத்தேன்.
பொருந்தவில்லை.
அவன் விரல் பதினான்கு நிமிடம் அமர்ந்த இடம்,
மீன்கொழுப்பு.
என்னைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.
பியானோக் கம்பளித் துண்டால் துடைத்த பிறகுதான்
நான் நானானேன்.

கம்பம் முனகத் தொடங்கியது.
ஜி சுரத்துக்கு ஒரு மயிரிழை மேலே.
நான் திருத்தப் போகவில்லை.

பணப்பையில் நாணயம் புழங்கி நாலு வருடம்.
‘உன் எண்ணைச் சொல், காப்பிக்காவது அனுப்புகிறேன்.’
சொன்னான். போட்டேன்.
வெளிநாட்டு எண், அனுப்ப இயலாது.
அவன் சிரித்துக்
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.
நன்றிக்கா, வலிக்கிறது என்பதற்கா, தெரியவில்லை.
நடுவில் கேபிளின் தடம் பள்ளமாகச் சிவந்திருந்தது.

லாரி வளைவில் மறைந்த பிறகு
அவள் திடீரென்று முடித்தாள்:
‘வலப்பக்கம் திரும்பவும்.’

மறுநாள் ஆல்டாவில் புதுக் கேபிள் வாங்கினேன்.
எப்படிச் செருகினாலும் ஏறுகிறது.
பழையது கதவுப் பையில் கிடக்கிறது.
எறியவேண்டும் என்று
பட்டியலில் எழுதியிருக்கிறேன்.