ஓம், இரண்டு முட்டை

வந்த மறுநாள் காலை
சாரத்தில், முனைக் கடையில்
"அண்ணை, பாண் இருக்கோ?" என்று கேட்டேன்.
"பாண்டி இதாம்மா. எங்க போவணும்?" என்றார்.
பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்
திரும்பிப் பார்த்து
"கேரளாவா?" என்றார்.

பசியோடு சிரிக்க வராது எனக்கு.
கண்ணாடிக்குள் இருந்ததை விரலால் காட்டினேன்.
அதற்கு இங்கே பிரெட் என்று பெயர்.
முப்பத்தைந்து.
மூன்றரையால் பெருக்கினேன்,
நூற்றி இருபத்திரண்டரை.
அந்த அரை ரூபாய்க்கும் சேர்த்துத்தான்
அன்றைக்குத் துக்கப்பட்டேன்.

அறை மொட்டைமாடியில், தகரக் கூரை.
மூன்று பேர், ஒரு மின்விசிறி.
அது யார் பக்கம் திரும்பவேண்டும் என்பதில்
காரைக்கால் நஸ்ரினுக்கும்
மணிப்பூர் லின்தோய்க்கும் வழக்கு.
தீர்ப்பு சொல்லும் வேலை எனக்கு,
இடம் சுவரோரம்.

ஞாயிற்றுச் சந்தையில், நடைபாதைக் குவியலில்
லின்தோய்க்கு ஒரு குர்தா பிடித்துப்போனது.
நூற்றைம்பது என்றான்.
எண்பதுக்குக் கேட்டேன், தமிழில்,
வெளிநாட்டுக்காரி உள்நாட்டுக்காரிக்காக.
அவன் எங்கள் இருவருக்கும்
இந்தியில் பதில் சொன்னான்.

பதிவு அலுவலகத்தில் வரிசை நீளம்.
முன்னால் வேட்டி கட்டிய பிரெஞ்சுக்காரர் ஒருவர்.
இருபது வருடமாக இங்கேதானாம்,
'வணக்கம்' மட்டும் வழுக்காமல் வருகிறது.
என் முறை.
தேசம்: இலங்கை. தாய்மொழி: தமிழ்.
அதிகாரி நிமிர்ந்து பார்த்து
"தமிழ் நல்லாவே பேசுறீங்களே" என்றார்.
நன்றி சொன்னேன்.
வேறு என்னத்தைச் சொல்ல.

மெற்றில்டா என்றுதான் எழுதுவோம்.
பஸ் பாஸில் மெட்டில்டா.
ஒரு றகரம் கடல் தாண்டவில்லை.

உதவித்தொகை வருகுது, வருகுது என்று
மூன்றாம் மாதமும் வந்துவிட்டது.
காலாப்பட்டுக்கு பல்கலைக்கழக பஸ் இலவசம்.
அதைத் தவறவிட்ட நாளில் வகுப்பும் கிடையாது.
இரவில் கஞ்சி.
அடுப்பைப் போட்டால் ஃபியூஸ் போகும் என்பதால்
விசிறியை நிறுத்திவிட்டு
மூவரும் வியர்த்துக்கொண்டே கிண்டுவோம்.

ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில்
வண்டிகளை விடமாட்டார்கள்.
நடக்கக் காசு கேட்பதில்லை என்பதால்
நிறைய நடந்தேன்.
ஒரு கஃபே வாசலில் கரும்பலகை.
கோப்பி நூற்றெண்பது.
பெருக்கவில்லை.
சில எண்களை அப்படியே விட்டுவிட வேண்டும்.

முனைக் கடை சிங்காரவேலு தினமும் கேட்பார்:
"முட்டை ரெண்டு போதுமா?"
"ஓம்."
"கடைக்குள்ளயே சாமி கும்பிடுறியேம்மா."
தினமும் அதே பகிடி,
தினமும் அவரே சிரிப்பார்.

ஒருநாள் ஒரு முட்டையைத் திருப்பி வைத்தேன்.
அவர் என் கையைப் பார்க்கவில்லை,
தராசைப் பார்த்தபடி சொன்னார்:
"எடுத்துனு போ. அப்பால குடு."
நூலில் தொங்கிய பேனாவை இழுத்து
நீள நோட்டில் எழுதினார்.
எட்டிப் பார்த்தேன்.

மாடிவீட்டு டீச்சர், ரவை அரைக்கிலோ.
கேன் தண்ணி மதி, சோடா இரண்டு.
ஓம், 2 முட்டை, 14.

அன்றிலிருந்து தண்ணீர்க் கேன் பையனும்
கீழே நின்று கத்துகிறான்,
"ஓம் அக்கா, கேன் வேணுமா?"
நஸ்ரின் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.
மெற்றில்டா என்று சொல்லிக்கொடுக்கலாம்தான்.
மூன்று மாடி கத்தவேண்டும்.

போன வெள்ளி பணம் வந்தது.
நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு நின்றது.
கணக்கைத் தீர்த்த பெயர்களை
அவர் நீளமாய் ஒரு கோட்டால் அடித்துவிடுவார்,
பக்கம் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.
முந்நூறு கொடுத்தேன்.
"மிச்சம்?"
சில்லறை இல்லை என்றேன்.
பைக்குள் கிடந்தது,
நடக்கும்போதெல்லாம் சத்தம் போட்டபடி.