பச்சை பூசியவன்

அந்தப் பச்சை நான் போட்டது.
கணினியில் ஒரேயொரு கிளிக்.
கூழாவடிக் குளக்கட்டுக்கும் சந்தைக்கும் இடையில்
நாலு ஏக்கர் புல்லாயிற்று.
நடைபாதை, வாங்குகள், விளக்குத் தூண்கள்,
நிழலுக்கென்று
வன்னியில் ஒருநாளும் முளைக்காத மரமொன்றின் படம்.
தாள் மூன்று. மூலையில் என் கையெழுத்து.

பிரதேச சபை மண்டபத்தில் மின்விசிறி இரண்டு,
சுழன்றது ஒன்று.
அதன் கீழே கடைக்காரர்கள்,
பின்னால் ஆட்டோச் சங்கம்,
கதவடியில், அழைப்புக் கடிதம் இல்லாமல்
வந்து நின்றவர்கள்.

மருதாயி தாளுக்குக் கிட்ட வந்தார்.
வாய்க்கால் இதுதானே என்று தொட்டார்.
மதகு இது.
மூன்று விரல் தள்ளிப் பச்சைக்கு நடுவே
விரலை வைத்தார், எடுக்கவில்லை.
"இங்கதான் தம்பி நாங்க சோறாக்குறோம்.
எழுபத்தேழுல மலையிலருந்து வந்து
காடு வெட்டுனோம். சண்டையில ஓடுனோம்.
திரும்பி வந்து மறுபடி வெட்டுனோம்.
எங்கள ஏன் புல்லுன்னு போட்டிருக்கீங்க?"

மண்டபம் சிரித்தது.
பிறகு ஒவ்வொரு வாயாக
நின்றது.

உறுதி இல்லாத காணி
சட்டப்படி வெறுங்காணி என்றார் பொறியியலாளர்.
சட்டப்படி,
விடிய ஐந்து மணிக்கு அங்கே எரியும்
நாற்பத்தொரு அடுப்பிலும் புகை இல்லை.

"தாளை மடியுங்கோ, வெளியில வாங்கோ" என்றது
மீன் விற்கும் இன்பவதி.
போனோம். உச்சி வெயில்.
ஒரு வாளி சுண்ணாம்பு, ஒரு கயிற்றுப் பந்து.
என் நடைபாதையை நிலத்தில் கோடிழுத்தபோது
அது ஒரு கோழிக்கூட்டையும்
இரண்டு குசினிகளையும் கடந்து போனது.

குகதீபன் அதன்மேல் நடந்து பார்த்தார்,
தொடைக்குக் கீழே பிளாஸ்டிக் காலோடு.
நோகும் இடத்தில் எல்லாம் ஒரு கல் வைத்தார்.
பன்னிரண்டுக்கு ஒன்று என்று
நான் பரீட்சைக்குப் பாடமாக்கிய சரிவு
பதினேழு கற்களாக வெயிலில் கிடந்தது.

இன்பவதி சொன்னார்:
நாலு மணிக்குச் சந்தைக்கு வந்தால்
பத்து மணி மட்டும் தண்ணீர் குடிப்பதில்லையாம்.
ஏன் என்று கேட்டேன்.
எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.
கழிப்பறை என்ற சொல்
என் தலைக்குள் வந்து சேர
அரை நிமிடம் பிடித்தது.

மருதாயியின் மகன் பாலை மரத்தில்
மார்கழித் தண்ணீர் ஏறிய உயரத்தைக் காட்டினான்.
அவன் கை, என் நெஞ்சு மட்டம்.
அந்த வெள்ளம் வழக்கமாய் வடியும் பள்ளத்தைத்தான்
நான் இரண்டடி உயர்த்திப்
பூச்செடி வைத்திருந்தேன்.
"அப்ப தண்ணி எங்க போகும்?"
கேட்டவர் இரும்புக்கடை முதலாளி.
பையனின் விரல் மெதுவாகத் திரும்பி
அவருடைய கடைப் படிக்கட்டில் நின்றது.

கடைக்காரர்கள் அன்று கட்சி மாறினார்கள்.
கருணையால் அல்ல,
நீர்மட்டத்தால்.
எனக்கு அது போதுமாயிருந்தது.
போதுமா என்று மருதாயியிடம் கேட்கவில்லை.

இப்போது தாள் மூன்றுக்குப் பதில் தாள் ஒன்பது.
பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது.
நடைபாதை பாதியாய் ஒடுங்கி,
கல் வைத்த இடங்களில் வளைந்து போகிறது.
மீன்சந்தைக்குப் பின்னால் கழிப்பறை நான்கு,
கதவு உள்ளிருந்து பூட்டும்படி
என்று சிவப்பில் எழுதினேன்.
வாய்க்காலோரம் நாற்பத்தொரு சதுரம்,
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.
பெயர் போடும் வழக்கம் இல்லை என்றார்கள்.
வழக்கம் இல்லைத்தான்.

கழிப்பறைக்குக் கல் பறித்தாயிற்று.
சதுரங்களின் கோவை
மூன்று மாதமாய்க் கச்சேரியில்,
யாரோ ஒருவரின் மேசையில்,
யாரோ ஒருவரின் தேநீர்க் கோப்பைக்குக் கீழே.
சுண்ணாம்புக் கோட்டை மழை கழுவிற்று.
சனிக்கிழமை போய்ப் பார்த்தேன்:
அதே இடத்தில் புதிதாய் இழுத்திருக்கிறார்கள்,
என்னைக் கேட்காமல்,
என்னுடையதைவிட நேராக.

தாள் ஒன்பதிலும் பச்சை உண்டு.
மருதாயி குசினிக்குப் பின்னால்
ஒரு முருங்கை.
நாடா பிடித்து அளந்து போட்டது.