தம்மாம் – கட்டுநாயக்கா

என்.சி. வீதியில், பஸ் நிலையத்துக்குத் திரும்பும் முடக்கில்
எங்கள் டிக்கெட் கடை.
கண்ணாடியில் ஒட்டிய விமானத்துக்கு
வால் வெளுத்துவிட்டது.
நான் இதுவரை பறந்ததில்லை.
ஆனால் கேளுங்கள், சொல்வேன்:
சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்குள்,
சீனன்குடாவில் ஏறினால் கொழும்புக்கு ஐம்பது நிமிடம்
(வெள்ளைக்காரர்தான் ஏறுகிறார்கள்),
டொரொண்டோ என்றால் நடுவில் எங்கோ
கதிரையில் தூங்கிக் கழுத்துப் பிடிக்கவேண்டும்.

இஸ்ஸதீன் மாதத்தில் இரண்டு தடவை வருவார்
கிண்ணியாவிலிருந்து, மீன்பெட்டி கழுவிய கையோடு.
டிக்கெட் வாங்கியதே இல்லை.
"தம்மாமில இருந்து எவ்வளவு நேரம், மிஸ்?"
போன தடவை சொன்னதையே சொல்வேன்:
மூவாயிரத்து எண்ணூறு கிலோமீற்றர் சொச்சம்.
"தூரம் கிடக்கட்டும். நேரத்தச் சொல்லுங்க."
ஐந்து மணி பத்து நிமிடம்.
துண்டில் எழுதுவேன். மடித்து சேர்ட் பைக்குள் வைப்பார்.
முந்திய துண்டெல்லாம் என்ன ஆயிற்றோ.

ஒருநாள் மானொன்று படியேறி
சலுகைக் கட்டணத் தாளை மென்றுகொண்டு நின்றது.
விரட்டிவிட்டு வந்து கேட்டேன்:
"காசு சேர்ந்திட்டுதா? திகதி போடவா?"
இல்லையாம்.
டிக்கெட்டுக்கு அங்கே வீட்டுக்காரர்தான் காசு கட்டுவாராம்.
ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு மாதம்.
"பிறகேன் கேக்கிறீங்கள்?"

அவர் வாசலைப் பார்த்தார்.
"சபூறா நிக்கிற ஊட்டில ஆறு புள்ளைகள்.
விடிய நாலரைக்கு மணி அடிப்பாங்களாம்.
குளிக்கப் போனாலும் கதவில தட்டுவாங்களாம்.
பிளேனில ஏறினா
பெல்ட்டக் கட்டி இருக்கச் சொல்லுவாங்கதானே?
சாப்பாடு கொண்டுவந்து குடுப்பாங்கதானே?
ஒருத்தரும் கூப்பிட ஏலாது.
நானுந்தான்.
அது எவ்வளவு நேரமெண்டு
பாத்து வைக்கிறன்."

எனக்குத் தெரிந்தது கணக்குத்தான். அதைச் சொன்னேன்.
புறப்படும் நேரத்தோடு ஐந்தைக் கூட்டக்கூடாது,
இங்கே சூரியன் இரண்டரை மணி முந்திக்கொள்ளும்.
இறங்கிய பிறகு குருநாகல், தம்புள்ளை,
ஹபரணையில் யானை மறித்தால் அது விலகும்வரை,
கந்தளாய், தம்பலகாமம்.
வானில் ஐந்து மணி, பிறகு வானில் ஆறு.
இரண்டாவது வான் அவர் மச்சானுடையது. டொல்பின்.
ஏசி வேலை செய்யாது.

"அந்த வானில அவளுக்கு நித்திரை இல்ல" என்று சிரித்தார்.
"புள்ளைகள், மச்சினிமார், பெட்டி, எல்லாம் ஏறிடும்."

கணினியில் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தேன்.
யாருக்கும் நான் காட்டாத வரி அது,
கேட்டவர்களும் வேண்டாம் என்றே சொல்வார்கள்:
மஸ்கட்டில் இறங்கி, காத்திருந்து, மாறி.
மொத்தம் ஒன்பது மணி நாற்பது.
"இதைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கோ."
அவர் திரையை எட்டிப் பார்த்தார்.
"கூடக் காசா, மிஸ்?"
"குறைவு. வீட்டுக்காரர் மறுக்கமாட்டார்."

பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.
அதற்குள் கிண்ணியா பஸ் போய்விட்டது.
அடுத்தது நாற்பது நிமிடத்தில்.
எங்கள் பிளாஸ்டிக் கதிரையில்
துண்டை மடிக்காமல் வைத்துக்கொண்டு இருந்தார்.
அவருடைய போன் ஒருதடவை அடித்தது.
எடுக்கவில்லை.