பழைய வளையம்

வாங்கும்போதே முன் பம்பர் கிடையாது.
ருஸ்தாவியில் அதை யாரும் குறையென்று எண்ணுவதில்லை.
எனக்கு முன் மூன்று பேர் ஓட்டிய ஜப்பான் கார்,
ஸ்டியரிங் தப்பான பக்கம்,
டேஷ்போர்டு டப்பாவில் கையேடு, அதுவும் ஜப்பானிய மொழியில்.
ஓர் எழுத்து புரியாது.
படம் பார்த்தே படித்தேன்:
கை, அம்புக்குறி, பெருக்கல் குறி போட்ட கை.
எதைத் தொடக் கூடாது என்பது
எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

முதல் வாரம் பார்ப்பதோடு சரி.
பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
காப்பி ஆறும்வரை நிற்பேன்.
இது பேட்டரி. இது தண்ணீர். இது பிரேக் எண்ணெய்.
இது தெரியவில்லை.
தெரியாதவற்றுக்கு ஒரு நோட்டு போட்டேன்;
அதுதான் சீக்கிரம் நிறைந்தது.

பானெட் திறந்தால் போதும்,
ஒன்பதாம் பிளாக்கிலிருந்து ஆண்கள் முளைத்துவிடுவார்கள்.
ஜும்பெர் பிளக் என்பான்,
முர்த்தாஸ் பெட்ரோல் பம்ப் என்பான்,
தாரியேல் ஒன்றும் சொல்லாமல் டயரை உதைப்பான்.
கோளாறு எதுவும் இல்லை, சும்மா பார்க்கிறேன் என்றால்
ஒருவரும் நம்பவில்லை.
கோளாறு இல்லாமல் யாராவது திறந்து பார்ப்பார்களா?

நான் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள்.
பதினெட்டு வருடமாகக்
கோளாறு இல்லாதவர்களைத்தான் வரச் சொல்லிக் கெஞ்சுகிறேன்.

எண்ணெய்க் குச்சியை உருவியதும் நம்பிவிடாதே.
துடை. மறுபடி விடு. மறுபடி உருவு.
முதல் பதில் எப்போதும் தெறித்த பதில்.
சக்கரம் கழற்ற வேண்டுமா,
வண்டி தரையில் நிற்கும்போதே நட்டை இளக்கு;
தூக்கிவிட்டுத் திருகினால்
சக்கரமும் உன்னோடு சேர்ந்து சுற்றும்.
இதை நான் எங்கும் படிக்கவில்லை.
ஜாக்கியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டேன்.
பனி பெய்தது. தாரியேல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச்சில் துணிந்தேன்.
பழைய ஆயிலை இறக்கினேன்,
ஒரு பேசின் நிறையக் கறுப்பு.
பில்டரை இரண்டு கையாலும் திருகி எடுத்தேன்.
புதியதன் விளிம்பில் விரலால் எண்ணெய் தடவினேன்,
மாட்டினேன், ஊற்றினேன், சாவியைத் திருப்பினேன்.
என்ஜின் ஓடியது.
அடியிலிருந்து ஆயிலும் ஓடியது.

அணைப்பதற்குள் பாதி ஆயில் முற்றத்துச் சிமெண்டில்.
என்ஜினே போச்சு என்றான் முர்த்தாஸ்,
கொஞ்சம் சந்தோஷமாக.

கையைத் துடைத்துக்கொண்டேன்.
மாட்டியதை மறுபடி கழற்றினேன்.
பையிலிருந்து என் கண்ணாடியை எடுத்தேன்,
கடைவாய்ப் பல்லின் முதுகைப் பார்க்கிற வட்டக் கண்ணாடி.
ஈரத் தரையில் படுத்து, பல்லிடுக்கில் டார்ச்.
இடம் வலமாகத் தெரிவது எனக்குப் பழக்கம்.
பில்டர் உட்காரும் இடத்தில்
பழைய ரப்பர் வளையம், கூடவே கழன்று வராமல்,
உலோகத்தோடு உலோகமாக ஒட்டிக் கிடந்தது.
அதன் மேல்தான் புதியதை முடுக்கியிருக்கிறேன்.
பால்பல் விழுமுன் மேலே முளைத்த பல்லை
எத்தனை குழந்தை வாயில் பார்த்திருக்கிறேன்!
நகத்தால் நெம்பினேன். வந்துவிட்டது.

ஜும்பெர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தான்,
தன் பல்லை.

பற்சக்கரப் பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று
எனக்கு இன்னும் தெரியாது. நோட்டில் இருக்கிறது.
பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் மட்டும்
தொலைந்துகொண்டே இருக்கிறது.
மூன்றாவதை வாங்கிய மறுநாள்
சொத்தை அடைக்க வந்த பாதிரியார்மேல் நான் குனிய,
கோட்டுப் பையிலிருந்து ஒன்று நழுவிக்
கருவித் தட்டில் விழுந்தது, டிங் என்று.
அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
வாய் திறந்தபடி, உள்ளே பஞ்சு வேறு.
பாவம், ஒன்றும் கேட்க முடியவில்லை.