ஏழு டன் நானூறு

லாபிஸ் பெரிய சாலையில்
டயர் கடைக்கு மேலே என் அறை.
கீழே ஆ செங் சக்கரம் கழற்றும்போதெல்லாம்
விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும்.
மூடிப்போன சைபர் கஃபேயில்
எடைக்குப் பேசி வாங்கிய கணினி, உள்ளே நான்கு கோர்,
மேலே ஒரு மேசை விசிறி.

இதில்தான் ஒரு தொகுப்பி கட்டுகிறேன்.
பெயர் பெரட்டு.
இருட்டோடு ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு
நிரை பிரித்து அனுப்புவார்களே, அந்தப் பெரட்டு.
ஒன்றன்பின் ஒன்றாய் ஓடு என்று எழுதிய சுழலை வாங்கி
எவரெவர் சேர்ந்து ஓடலாம்
எவர் எவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று
அதுவே முடிவு செய்ய வேண்டும்.

சோதனைக்கு எண்கள் வேண்டுமே.
செம்பனை ஆலை எடைமேடையில் இருக்கும்
அண்ணி பவளராணி
போன வருடத்துச் சீட்டுகளை
லோரி எண்களை மறைத்து அனுப்பினார்.
பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.
எல்லாவற்றையும் கூட்டு. அவ்வளவுதான்.
மூன்றாம் வகுப்புக் கணக்கு.

ஒற்றை ஆளாய்க் கூட்டினால் சரி.
நான்கு பேராய்க் கூட்டினாலும் சரி,
முப்பத்தாறு தடவை.
முப்பத்தேழில்
ஏழு டன் நானூறு குறைந்தது.

புள்ளிக்குப் பின்னால் உதிர்ந்த தூசியா அது?
முழுசாய் ஒரு லோரி,
குலையோடு, ஓட்டுநரோடு,
கண்ணாடிக் கொக்கியில் அவர் தொங்கவிட்ட
தே ஓ பொட்டலத்தோடு.
மறுபடி ஓட்டினேன், வந்துவிட்டது.
மறுபடி.
மறுபடி.
ஐந்து டன் அறுநூற்றிருபது.
இந்தத் தடவை வேறு லோரி.

போன் போட்டேன்.
"இங்க அம்பது கிலோ இடிச்சாலே தவுக்கே குதிப்பாரு.
நீ லோரியையே முழுங்கிட்டியா?"

எங்கே விழுகிறது என்று பார்க்க
வழியில் ஓர் அச்சு வரி வைத்தேன்,
ஒவ்வொருவரும் 'வந்தேன்' என்று சொல்லிப் போக.
சொன்னார்கள். எதுவும் தொலையவில்லை.
வரியை எடுத்தேன், தொலைந்தது.
பார்த்தால் யோக்கியம்,
திரும்பினால் களவு.

மூன்று இரவு.
ரயில் ஜன்னலை நடுக்கிக்கொண்டு தெற்கே போனது.
கடைசியில் தொகுப்பி துப்பிய கட்டளைகளை
விரல் வைத்துப் படித்தேன்.
எடு.
கூட்டு.
வை.
ஓரடி என்றிருந்தேன், மூன்றடி இருந்தது.
ஒருவன் பலகையில் நூறு என்று படிக்கிறான்.
அவன் கூட்டி முடிப்பதற்குள்
இன்னொருவனும் அதே நூறைப் படிக்கிறான்.
இருவரும் எழுதுகிறார்கள், பிந்தியவன் எழுத்து நிற்கிறது.
முந்தியவன் லோரி
ஆலைக்கு வரவே இல்லை.
யாரும் திருடவில்லை.
சொன்னதைச் செய்தார்கள்.
சொன்னது நான்.

பூட்டுப் போட்டேன், ஒரு நேரத்தில் ஒருவர்.
கணக்கு சரி.
ஆனால் நாலு பேரும் ஒரே எடைமேடை முன்னால் நிற்க
ஒற்றை ஆள் ஐந்து மடங்கு முந்திப்
பசியாறக் கிளம்பிவிட்டான்.
பெரட்டு என்று பேர் வைத்து
க்யூ கட்டியிருக்கிறேன்.

அப்புறம்தான் ஆளுக்கொரு சீட்டு.
அவரவர் நிரையை அவரவர் சீட்டில் கூட்டு,
முடிந்ததும் நாலையும் ஒருமுறை சேர்.
கையால் எழுதினால் ஆறு வரி.
தொகுப்பி தானாய்க் கண்டுகொள்ளப்
பதினோரு நாள்.

நேற்றிரவு முழுச் சோதனையும் ஆயிரம் ஓட்டம் வைத்துப் படுத்தேன்.
எண்ணூற்று நாற்பதில் இடி, மின்வெட்டு.
விடிந்ததும் ஒன்றிலிருந்து.
ஆ செங் ஷட்டரை இழுக்கும் நேரம்
ஆயிரமும் முடிந்தன.
எல்லா லோரியும் வந்து சேர்ந்தன.

'பிழைத்தது' என்று அண்ணிக்குச் செய்தி தட்டினேன்.
அனுப்பிய பிறகுதான் சொல்லைப் பார்த்தேன்.
தப்பியதற்கும் தவறியதற்கும்
தமிழில் அது ஒன்றே.
ஆயிரத்தோராவது ஓட்டத்தைத் தட்டிவிட்டு
மீ கோரெங் வாங்கக் கீழே இறங்கினேன்.